முளைக்கச் செய்பவர் தேவன், கழுவ வேண்டியவர்கள் நாம்

தியானப் பகுதி: மாற்கு 4:26-29



ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த மேடவாக்கத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளே நிறைந்து நிற்கின்றன. விதைப்பதற்கு ஒரு பிடி மண்கூட இல்லாத குடும்பங்களே நம் சபையில் மிகுதி. ஆயினும், இரவில் ஒரு கைப்பிடி பாசிப்பயற்றை ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து வைக்கிற எவரும் விதைக்கிறவரே. நம் ஊர் வெப்பத்தில் மறுநாளே வெண்முளை எட்டிப் பார்க்கிறது. விதைத்தவன் உறங்கி எழுந்திருக்க, அவன் அறியாத விதமாய் விதை முளைத்ததென்று ஆண்டவர் சொன்ன உவமை நம் சமையலறையிலேயே நடக்கிறது.

அந்த முளைக்குள் தேவன் வைத்திருக்கும் நன்மை சிறியதல்ல. முதல் உலகப்போரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, இன்றைய ஈராக்கிலுள்ள கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகைக்குள் அகப்பட்டிருந்தது. காய்கனி இல்லாமல் இந்தியச் சிப்பாய்கள் அநேகர் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு ஆளானார்கள். அதே போர்க்காலத்தில், லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்த ஹாரியட் சிக் அம்மையாரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், அந்நோயைத் தடுக்கும் ஆற்றல் முளைவிட்ட பயற்றில் உண்டு என்று காட்டினார்கள். உலர்ந்த பயற்றில் அநேகமாய் இல்லாத வைட்டமின் சி, முளைக்கும்போது அதில் உண்டாகிறது. நீரும் இளஞ்சூடும் காற்றும் தவிர நாம் எதையும் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர் தேவன்.

ஆனால் பிரியமானவர்களே, இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். விதையை எழுப்புகிற அதே ஈரமும் அதே சூடும், கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகளையும் பெருகச் செய்கின்றன. 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் முளைகளின் வழியாய்ப் பரவிய ஈ கோலை கிருமியால் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர்; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதையோடு அந்தக் கிருமி வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கண்ட முடிவு. விதையிலேயே கிருமி ஒட்டியிருந்தால் வெறும் நீரில் கழுவுவதால் மட்டும் அது அகலாது.

நம்மில் சிலர், "ஜெபித்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அது விசுவாச வார்த்தைபோல் ஒலித்தாலும், அதை நான் ஏற்பதற்கில்லை. தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, பிதாவின்மேல் பூரண நம்பிக்கையுள்ள நம் ஆண்டவர் குதிக்க மறுத்தார். நம்பிக்கை வேறு, தேவனைப் பரீட்சை பார்ப்பது வேறு. ஜெபம் அடுப்புக்குப் பதிலாகாது. அதிலும், நாம் விரும்பி மேற்கொள்ளும் ஆபத்தை மற்றவருடைய தட்டில் வைக்க நமக்கு உரிமையில்லை.

ஆகையால் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் சகோதரிகளுக்கும், ஐக்கிய விருந்துக்குச் சமைக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கு முளைப்பயற்றைப் பச்சையாய்க் கொடுக்க வேண்டாம். நன்றாய் வேகவைத்துக் கொடுங்கள். வேகவைத்தால் சத்து சற்றுக் குறையும் என்பது மெய்யே. இறக்கியபின் பிழிகிற எலுமிச்சை அதை ஈடுசெய்யும். வீட்டில் முளைகட்டும்போது கையையும் துணியையும் சுத்தமாக்குங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை பயற்றை நல்ல நீரில் அலசி, முற்றிலும் வடியவிடுங்கள். நாற்றமோ பிசுபிசுப்போ தோன்றினால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு ஒவ்வொரு குடமும் அருமைதான். அலசிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். அலசுவதை மட்டும் விட்டுவிடலாகாது.

நம் ஆத்துமாவின் காரியமும் இப்படியே. ஜெபக்கூட்டத்தின் உற்சாகம், ஊழியத்தின் வளர்ச்சி, ஜனங்களின் பாராட்டு ஆகியவை விசுவாசத்தை வளர்க்கும் ஈரமும் சூடுமாய் இருக்கின்றன. அவற்றிலேயே பெருமையும் பொறாமையும் வளர்ந்துவிடும். எப்போதோ ஒருமுறை மனந்திரும்பினோம் என்று துணியை முடிந்து வைத்துவிட்டால், உள்ளே அழுகுவது நமக்குத் தெரியாது. அனுதினமும் அவர் சமுகத்தில் முடிச்சை அவிழ்த்து, கழுவப்பட நம்மை ஒப்புக்கொடுப்போம். அவர் அனுமதிக்கும் அனலுக்கும் விலகாதிருப்போம். அப்பொழுது நம் வாழ்வு பிறருக்குத் தீங்கில்லாத ஆகாரமாகும்.

ஜெபம்: விதைக்குள் ஜீவனை வைத்த பிதாவே, எங்களை நாள்தோறும் கழுவும். நாங்கள் பகிர்ந்தளிக்கும் ஆகாரத்தினால் ஒருவருக்கும் கேடு வராதபடி, அன்போடு அறிவையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.