பூட்டிய பள்ளிகள், குறைந்த நிதி: கரோனா ஆண்டின் கணக்கு

புது தில்லி: கரோனா பரவிய 2020-21 நிதியாண்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு, பட்ஜெட்டில் திட்டமிட்ட 30.42 லட்சம் கோடி ரூபாயிலிருந்து திருத்திய மதிப்பீட்டில் 34.50 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டில் பள்ளிக் கல்வித் துறைக்கான ஒதுக்கீடு 59,845 கோடியிலிருந்து 52,189 கோடி ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 13 சதவீதம் கூடியபோது, பள்ளிகளுக்கான தொகை ஏறத்தாழ அதே 13 சதவீதம் குறைந்தது.

பொது முடக்கத்தால் வருவாய் சரிந்த ஆண்டில் எல்லாத் துறைகளுக்கும்தான் வெட்டு விழுந்தது என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுவது உண்டு. அது முழு உண்மையல்ல. கிராமப்புற வேலை உறுதித் திட்டத்துக்கான ஒதுக்கீடு அந்த ஆண்டில் 61,500 கோடியிலிருந்து 1,11,500 கோடி ரூபாயாக உயர்ந்தது. உணவு மானியம் பல மடங்கு பெருகியது. இவை தேவையான செலவுகள். இவற்றைக் குறை கூற முடியாது. நெருக்கடியில் எதற்குக் கூடுதல் நிதி தேவை, எதற்குக் குறைத்தாலும் பரவாயில்லை என்று வரிசைப்படுத்தியபோது, பள்ளி இரண்டாவது பட்டியலில் வைக்கப்பட்டது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

வெட்டின் பெரும் பகுதி ஒரே திட்டத்தின் மீது விழுந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகிய மூன்றையும் இணைத்து 2018-இல் உருவாக்கப்பட்ட "சமக்ர சிக்ஷா" திட்டமே அது. மாநில அரசுப் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் வந்து சேரும் முதன்மையான வாய்க்கால். பாடநூல், சீருடை, ஆசிரியர் பயிற்சி, பள்ளிப் பராமரிப்பு மானியம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான உதவி, ஆசிரியர்களில் ஒரு பகுதியினரின் ஊதியம் எனப் பலவும் இதில் அடங்கும். இதற்கு முதலில் ஒதுக்கியது 38,750 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் கிடைத்தது 27,957 கோடி ரூபாய். நூற்றுக்கு 28 ரூபாய் போயிற்று.

மூடிய கட்டடத்துக்கு ஏன் செலவு?

பள்ளிகள் மூடிக் கிடந்தன. பயிற்சி முகாம்கள் நடக்கவில்லை. கட்டுமானப் பணிகள் நின்றன. மாநிலங்களிடம் முந்தைய ஆண்டுகளின் இருப்பு வேறு இருந்தது. செலவாகாத பணத்தை எதற்காக விடுவிக்க வேண்டும்? நிதி அதிகாரிகள் வழக்கமாக எழுப்பும் இந்தக் கேள்வியில் தர்க்கம் உண்டு. மாநிலங்கள் மத்திய நிதியை வங்கியில் முடக்கி வைப்பதும் புதிய குற்றச்சாட்டு அல்ல. அதைத் தடுக்கவே 2021-இல் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே கணக்கு என்ற முறை கட்டாயமாக்கப்பட்டது.

ஆனால், இந்தத் தர்க்கம் பள்ளிக் கட்டடத்தைப் பார்க்கிறது, குழந்தையைப் பார்க்கவில்லை. கட்டடம் மூடியதால் செலவு குறைந்தது. குழந்தைக்கான தேவையோ அதே காரணத்தால் கூடியது. பாடத்தை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கவும், பயிற்சித் தாள்களை அச்சிட்டு வழங்கவும், கருவி இல்லாதவர்களுக்குக் கருவி கொடுக்கவும், மீண்டும் திறக்கும்போது கழிப்பறையும் குடிநீரும் தயாராக இருக்கவும், விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டக் கூடுதல் ஆள்களை அமர்த்தவும் பணம் வேண்டியிருந்தது. மிச்சமான தொகையை இவற்றுக்குத் திருப்பிவிடலாம் என்று ஓர் ஆணை போதுமானதாக இருந்திருக்கும். பதிலாக, மிச்சம் மத்திய அரசின் பொதுக் கணக்குக்கே திரும்பியது.

அரசு என்ன நினைத்தது என்பதை 2020 மே 17-ஆம் தேதி காட்டுகிறது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் "தற்சார்பு இந்தியா" நிதித் தொகுப்பின் ஐந்தாவது, இறுதிப் பகுதியை அன்று அறிவித்தார். கல்விக்கு அவர் அறிவித்தது "பிஎம் இ-வித்யா": ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வகுப்புக்கு ஒரு தொலைக்காட்சி அலைவரிசை, "தீக்ஷா" இணையதளம், வானொலிப் பாடங்கள்.

அதே செய்தியாளர் கூட்டத்தில் இன்னொரு முக்கிய அறிவிப்பும் வந்தது. மாநிலங்களின் கடன் வரம்பு, மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கூடுதல் 2 சதவீதத்தில் அரை சதவீதம் மட்டுமே நிபந்தனையற்றது. மீதிக்கு நான்கு சீர்திருத்தங்கள் அளவுகோலாயின: ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை, தொழில் தொடங்குவதை எளிதாக்குதல், மின் விநியோகம், நகர்ப்புற உள்ளாட்சிகளின் வருவாய். நாடு முழுவதும் பள்ளிகள் மூடியிருந்த அந்த நாளில், மாநிலங்களை ஒரு திசையில் நடத்திச் செல்ல மத்திய அரசின் கையில் இருந்த மிகப் பெரிய கடிவாளம் இதுதான். அதில் பள்ளிக் கல்விக்கு ஓர் இழை கூட இல்லை.

மாநிலங்களின் நிலையோ வேறு. பள்ளிக் கல்விக்கான அரசுச் செலவில் மிகப் பெரும் பங்கு மாநிலங்களுடையது. அதிலும் பெரும்பகுதி ஊதியம். ஜிஎஸ்டி வருவாய் வீழ்ந்து, இழப்பீட்டுக்கு மத்திய அரசுடன் மாதக்கணக்கில் வாதாடி, கடைசியில் மத்திய அரசு தானே கடன் வாங்கி 1.10 லட்சம் கோடி ரூபாயை மாநிலங்களுக்குக் கடனாகவே தந்தது. ஊதியம் கொடுத்த பின் மிஞ்சியதில் மாற்றுக் கல்விக்குப் புதிதாக எதையும் தொடங்கும் நிலையில் பல மாநிலங்கள் இல்லை.

திரைக்கு எதிரே இல்லாதவர்கள்

அலைவரிசை தொடங்குவது எளிது. அதன் எதிரே குழந்தை உட்கார வேண்டுமே. அந்தக் கல்வியாண்டில் நாட்டில் இணைய வசதி கொண்ட பள்ளிகளே கால்வாசிக்குச் சற்றுக் குறைவு என மத்திய அரசின் சொந்தப் புள்ளிவிவரம் கூறுகிறது. 2020 செப்டம்பரில் "ஏசர்" அமைப்பு கிராமங்களில் தொலைபேசி வழி நடத்திய ஆய்வில், பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளில் 61.8 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2018-இல் அது 36.5 சதவீதம். குடும்பங்கள் கடன்பட்டாவது கைப்பேசி வாங்கின என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதேனும் பாடப் பொருள் கிடைத்த குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கினரே. வீட்டில் கைப்பேசி இருப்பதும், வேலைக்குப் போகும் தந்தையின் சட்டைப்பையில் அது இல்லாமல் குழந்தையின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோரின் ஒருங்கிணைப்பில் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் பின்தங்கிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன்படி, கிராமப்புறக் குழந்தைகளில் முறையாக இணையவழியில் படித்தோர் 8 சதவீதம். அறவே படிக்காதோர் 37 சதவீதம்.

தலைநகரிலேயே இந்தப் பிரச்னை நீதிமன்றப் படியேறியது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் சேர்ந்த ஏழைக் குழந்தைகளுக்குக் கருவியும் இணைய வசதியும் பள்ளிகளே தர வேண்டும். செலவை அரசிடம் கோரலாம் என தில்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒரே வகுப்பில் கருவி உள்ளவருக்கு மட்டும் பாடம் நடப்பது பாகுபாடு என்பது அதன் அடிப்படை. தீர்ப்பை எதிர்த்து தில்லி அரசு மேல்முறையீடு செய்ய, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்த அக்டோபரில், மத்திய அரசும் தில்லி அரசும் சேர்ந்து ஒரு திட்டம் வகுக்குமாறு அதே நீதிமன்றம் கூறியபோது, முழுதாக ஒரு கல்வியாண்டு கடந்துவிட்டிருந்தது. கல்வியில் முன்னோடி எனத் தன்னை முன்னிறுத்திக்கொண்ட ஓர் அரசே இந்தச் செலவுக்கு எதிராக வழக்காடியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சத்துணவு மட்டும் விதிவிலக்கு. பள்ளிகள் மூடிய சில நாள்களிலேயே, 2020 மார்ச் 18 அன்று, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து மாநிலங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மதிய உணவுத் திட்டத்துக்கான தொகையும் 11,000 கோடியிலிருந்து 12,900 கோடி ரூபாயாகக் கூட்டப்பட்டது. சமைத்த சோறுக்குப் பதில் அரிசி, கோதுமை, பருப்பு, சில இடங்களில் ரொக்கம் என ஏதோ ஒரு வடிவில் உதவி வீடு சேர்ந்தது. சேர்ந்த அளவிலும் காலத்திலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு மிகுதி. 2021 மே மாதம், இரண்டாவது அலையின் நடுவே, 11.8 கோடி மாணவர்களுக்கு 1,200 கோடி ரூபாய் ரொக்க உதவி என்ற அறிவிப்பு வந்தது. தலைக்கு வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நூறு ரூபாய். அதுவும் ஒரு முறைதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இடம் மாறிய மாணவர்கள், மாறாத பணம்

பலர் கவனிக்காத இன்னொரு மாற்றமும் நடந்தது. வேலையிழந்த பெற்றோர் கட்டணம் செலுத்த இயலாமல் குழந்தைகளை அரசுப் பள்ளிகளுக்கு மாற்றினர். 2019-20-இல் 13.09 கோடியாக இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை 2021-22-இல் 14.32 கோடி ஆனது. தனியார் பள்ளிகளில் அது 9.8 கோடியிலிருந்து 8.8 கோடியாகச் சரிந்தது. அதாவது, அரசுப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை ஒரு கோடிக்கு மேல் பெருகிய காலத்தில்தான் சமக்ர சிக்ஷா நிதி சுருங்கியது.

சிறு தனியார் பள்ளிகளின் ஆசிரியர்கள் நிலை இன்னும் மோசம். ஊதியமின்றி நின்ற அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் தருவதாக 2021 ஏப்ரலில் தெலங்கானா அரசு அறிவித்தது. பெற்றோருக்கு 2020-21 கட்டணத்தில் 15 சதவீதச் சலுகை கிடைத்தது. அதுவும் ராஜஸ்தான் பள்ளிகள் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் வழங்கிய தீர்ப்பால். ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ மத்திய அரசு தரப்பில் இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

அமெரிக்காவுடன் இந்தியாவை ஒப்பிடுவது பொருத்தமற்றது என்ற வாதத்தை ஏற்கலாம், தொகையைப் பொருத்தவரை. அங்கே 2020 மார்ச்சுக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையே மூன்று சட்டங்கள் வழியாகப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் தனியே ஒதுக்கப்பட்டது. மூன்றாவது சட்டத்தின் நிதியில் பள்ளி மாவட்டங்கள் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் கற்றல் இழப்பை ஈடுசெய்யச் செலவிட வேண்டும் என விதியும் இருந்தது. பணத்தின் அளவில் போட்டியிட முடியாது. விதி எழுத எந்த நாட்டுக்கும் பணம் வேண்டாம்.

அடுத்தடுத்த பட்ஜெட்டுகள் இந்தக் குறையைச் சரிசெய்யவில்லை. சமக்ர சிக்ஷாவுக்கு 2021-22-இல் ஒதுக்கியது 31,050 கோடி. 2022-23-இல் 37,383 கோடி. பள்ளிகள் முழுமையாகத் திறந்த பின்னரும், தொற்றுக்கு முன் திட்டமிட்ட தொகை எட்டப்படவில்லை. கற்றல் விளைவுகளை மேம்படுத்தும் மாநிலங்களுக்கு நான்கு ஆண்டுகளில் 4,800 கோடி ரூபாய் ஊக்க மானியம் தர பதினைந்தாவது நிதிக் குழு பரிந்துரைத்திருந்தது. திட்டங்களை வகுக்கும்போது "உரிய கவனம்" செலுத்தப்படும் என்ற வாசகத்தோடு மத்திய அரசு அதைக் கடந்து சென்றது.

பொறுப்பு மாநிலங்கள் மீது விழுந்தது. தமிழகம் 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை 200 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகள் நடத்தியது. பெரும் தொகையல்ல. ஆனால், பள்ளியைத் திறப்பதற்காகக் காத்திராமல் குழந்தை இருக்கும் தெருவுக்கே செலவைக் கொண்டுசென்றது என்பதால் இங்கே குறிப்பிடத் தகும்.

இழப்பு முழுவதும் நிரந்தரமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்கள் 2018-இல் 20.9 சதவீதம், 2022-இல் 16.3 சதவீதமாக வீழ்ந்து, 2024-இல் 23.4 சதவீதமாக உயர்ந்தனர் என்கிறது ஏசர். மீண்டு எழுந்தவர்கள் தொற்றுக்குப் பின் பள்ளிக்கு வந்தவர்கள். அதே வாசிப்புச் சோதனையில் எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்களின் நிலை 2018-இல் 69 சதவீதம், 2024-இல் 67.5 சதவீதம். இந்த எட்டாம் வகுப்பினர், பள்ளி பூட்டப்பட்ட ஆண்டில் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள்.

அடிப்படை எழுத்தறிவுக்காக 2021 ஜூலையில் தொடங்கிய "நிபுண் பாரத்" இயக்கம், 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் வாசிக்க வேண்டும் என்கிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் பின்தங்கியோருக்கும் அதில் இடமுண்டு. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, 2025-26-இல் ஆறாம் வகுப்பு மாணவர். அந்த வரம்பைத் தாண்டிவிட்டார். இந்த இயக்கத்துக்கும் பணம் சமக்ர சிக்ஷா வழியாகவே வருகிறது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராத காரணத்தால், 2024-25-ஆம் ஆண்டுக்கு உரிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கூறி, தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. கரோனா ஆண்டில் இந்த வாய்க்காலில் நீர் குறைய, பள்ளிகள் மூடியிருக்கின்றன என்றொரு காரணமாவது சொல்ல முடிந்தது.