பாறைச் சுரங்கம் போனால் கிணறு வற்றுமா?

கேள்வி: நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோக ஆழப் பாறையில் சுரங்கம் குடைகிறார்களே, மேலே நிலம் வைத்திருப்பவர்களின் கிணறு என்ன ஆகும்?

பதில்: பாறையில் வெடிப்பு இல்லாத இடத்தில் ஒன்றும் ஆகாது. வெடிப்பு உள்ள இடத்தில்தான் சிக்கல். குடையும்போது ஊற்றுநீர் சுரங்கத்துக்குள் இறங்கி, கிணற்று மட்டம் தாழலாம். இதைத் தடுக்க, முன்னால் உள்ள பாறையில் துளையிட்டுப் பார்த்து, தண்ணீர் வந்தால் சிமென்ட் பாலை அழுத்தி ஏற்றி அடைத்த பிறகே மேலே குடைய வேண்டும். செலவைப் பார்த்து இந்த வேலையில் கை வைத்தால், அதன் விலையைக் கொடுப்பது மேலே இருக்கும் கிணற்றுக்காரர்தான்.

வேலை முடிந்து தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கதை தலைகீழாகும். மேட்டுத் தொட்டியிலிருந்து ஹோஸ் பள்ளத்தில் இறங்கி எதிர்மேட்டில் ஏறுவது போலத்தான் இந்தச் சுரங்கமும். மோட்டார் வேண்டாம், ஆனால் அடியில் அழுத்தம் மிக அதிகம். 600 அடி நீர்மட்டம் என்றாலே சதுர சென்டிமீட்டருக்கு 18 கிலோ. சின்னக் கீறல் இருந்தாலும் தண்ணீர் வெளியே பீறிடும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு வரும் டெலாவேர் சுரங்கத்தில் நடந்தது இதுதான். நீளம் 137 கிலோமீட்டர். 1939-ல் தொடங்கி 1945-ல் முடித்தார்கள். நகரத்தின் தண்ணீரில் ஏறத்தாழ பாதி இதில்தான் வருகிறது. சுண்ணாம்புப் பாறையைக் கடக்கும் இடங்களில் கான்கிரீட் பூச்சு விரிசல் விட்டு, நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் வரை கசிந்தது. வாவர்சிங் என்ற ஊரில் வீடுகளின் நிலவறைகளில் தண்ணீர் புகுந்து, பல குடும்பங்கள் வருடக்கணக்கில் மோட்டார் வைத்து இறைத்தன. கடைசியில், விருப்பப்பட்டவர்களின் வீடுகளை அரசும் நகரமும் சேர்ந்து விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. தண்ணீர் குடிப்பது ஒரு ஊர், ஈரத்தில் கிடப்பது இன்னொரு ஊர்!

உள்ளே இறங்கி அடைத்திருக்கலாமே என்று தோன்றும். பாதி நகரத்தின் தண்ணீரை மாதக்கணக்கில் நிறுத்த முடியாது. எனவே, பெரிதாகக் கசிந்த இடத்தைச் சுற்றி, ஹட்சன் ஆற்றுக்கு 600 அடி கீழே, 4 கிலோமீட்டருக்கு மாற்றுச் சுரங்கம் குடைந்தார்கள். இயந்திரம் 2019 ஆகஸ்டில் மறுமுனையை எட்டியது. இம்முறை பாறை பலவீனமான பகுதிக்கு இரும்பு உறையும் போட்டார்கள். பழைய சுரங்கத்தோடு இணைக்க 2024 அக்டோபரில் தண்ணீரை நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்து வறட்சி வந்து, நவம்பரிலேயே வேலையை ஒத்திவைக்க வேண்டியதாகிவிட்டது.

சுரங்கம் வருகிறது என்று தெரிந்தால், வேலை தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே கயிற்றில் கல் கட்டிக் கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். மோட்டார் ஓட்டுவதற்கு முன், காலையில் அளக்க வேண்டும். மழை பெய்த நாட்களையும் பக்கத்திலேயே குறியுங்கள். பின்னால் மட்டம் இறங்கினால், அது கோடையாலா சுரங்கத்தாலா என்ற பேச்சு கட்டாயம் எழும். அப்போது கையில் அந்த நோட்டு இருக்க வேண்டும்.