கப்பல் வருது... காசு ஊருக்குள்ள வருதா? விசா விதியில் சிக்கிய எட்டு மணி நேரம்!

சென்னை: துறைமுகத்துக்குச் சொகுசுக் கப்பல் வந்தால் ராஜாஜி சாலை ஆட்டோக்காரர்களுக்குச் சேதி உடனே தெரிந்துவிடும். ஒரு கப்பலில் ஆயிரம், ரெண்டாயிரம் பேர். அதில் பத்தில் ஒரு பங்கு ஆள் ஆட்டோ ஏறினாலே அன்றைக்கு நல்ல வசூல்தான். ஆனால் நடப்பது வேறு. கேட்டைத் தாண்டி வரிசையாக ஏ.சி. பஸ்கள் வருகின்றன. உள்ளே இருப்பவர்கள் கண்ணாடி வழியாகக் கை ஆட்டிவிட்டு நேராக மாமல்லபுரம் போய்விடுகிறார்கள். மாலையில் அதே பஸ், அதே கேட், அதே கப்பல். கையில் மேப் வைத்துக்கொண்டு தனியாக நடந்து வருபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வெள்ளைக்காரர்கள் ஆட்டோவில் ஏறப் பயப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது பாதிக் கதை. மீதிப் பாதி விசா விதியிலும் கடிகாரத்திலும் இருக்கிறது.

இறங்காவிட்டாலும் விசா

சொகுசுக் கப்பல் காலையில் ஒரு ஊரில் நிற்கும், மாலையில் கிளம்பிவிடும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் கப்பலிலேயே. கரையில் கிடைப்பது எட்டு மணி நேரம், மிஞ்சினால் பத்து மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்துக்கும் இந்தியாவில் முறையான விசா வேண்டும். கரைக்கே இறங்க மாட்டேன், மேல் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னாலும் பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் விடுவதில்லை. கப்பல் இந்தியத் துறைமுகத்தைத் தொடுகிறதா, விசா இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டோம் என்பதுதான் அவர்கள் நிலை. பிரச்னை வந்தால் தலைவலி கம்பெனிக்குத்தானே!

முன்பு இதற்காகத் தூதரக வாசலில் நிற்கணும். 2014 நவம்பரில் ஆன்லைன் விசா முறை விமான நிலையங்களில் தொடங்கியது. 2017 ஏப்ரலில் கொச்சி, கோவா, மங்களூர் துறைமுகங்களுக்கும் அது வந்தது. பிறகு மும்பையும் சென்னையும் சேர்ந்தன. இதுதான் இ-விசா. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்கலாம். கப்பலில் வருபவர்களுக்குக் கைரேகை எடுப்பதிலிருந்தும் 2020 இறுதி வரை விலக்கு கொடுத்தார்கள். ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னால் பாதி நாள் அங்கேயே போய்விடும் என்பதால்தான் அந்தச் சலுகை.

கட்டணமும் 2019ல் குறைந்தது. 30 நாள் சுற்றுலா விசா பெரும்பாலான நாட்டவருக்கு 25 டாலர், ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர். ஒரு வருஷ விசா 40 டாலர், அஞ்சு வருஷம் 80 டாலர் என்று வைத்தார்கள். இது பெரிய தொகை இல்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து கப்பல் ஏறுகிறவருக்கு 25 டாலர் ஒரு பொருட்டா?

காசு பொருட்டில்லை, கணக்குதான் உதைக்கிறது. 30 நாள் விசாவுக்கு, இந்தியா வந்து சேரும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். உலகம் சுற்றும் கப்பலில் வருபவர் லண்டன் பக்கத்திலோ அமெரிக்காவிலோ ஏறி ரெண்டு மாசம் கழித்துச் சென்னை வருகிறார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவரால் 30 நாள் விசா வாங்க முடியாது. நடுக்கடலில், கப்பல் இன்டர்நெட்டில், போட்டோவையும் பாஸ்போர்ட்டையும் ஏற்றிக்கொண்டு கிடக்கணும். இல்லையென்றால் எட்டு மணி நேரத்துக்காக ஒரு வருஷ விசா வாங்கணும். அதற்கு 120 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள்.

இன்னொரு சிக்கல், எத்தனை தடவை நாட்டுக்குள் வருகிறோம் என்பது. 30 நாள் விசாவில் ரெண்டு தடவைதான் நுழையலாம். மும்பை, கோவா, மங்களூர், கொச்சி என்று கரையோரமாகவே வந்தால் ஒரு நுழைவு. கொச்சியிலிருந்து கொழும்பு போய்விட்டுச் சென்னைக்கு வந்தால் ரெண்டாவது நுழைவு. ரெண்டும் தீர்ந்தாச்சு. அதற்குப் பிறகு இன்னொரு நாட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப இந்தியத் துறைமுகத்துக்கு வந்தால் அந்த விசா செல்லாது. இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துக் குழம்பும் பயணிகள், கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் ஏறிக்கொண்டால் எல்லாம் அவர்கள் பாடு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் விசா விஷயத்தில் பஸ்ஸில் போனாலும் ஆட்டோவில் போனாலும் ஒன்றுதான். இ-விசா வைத்திருப்பவர் தனியாகவே ஊரைச் சுற்றலாம், தடை கிடையாது. இது பல பயணிகளுக்கே தெரியாது.

குரூப்புக்கு ஒரு வழி

நம் குடியேற்ற விதிகளில் நீண்ட காலமாக இன்னொரு வழியும் இருந்து வருகிறது. நாலு பேர் அல்லது அதற்கு மேல் உள்ள வெளிநாட்டுச் சுற்றுலாக் குழு, அங்கீகாரம் பெற்ற இந்திய டிராவல் ஏஜென்சி மூலம், எங்கே போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்து வந்தால், மொத்தமாக இறங்கும் அனுமதி கேட்கலாம். தனி ஆளுக்கு இந்த வசதி கிடையாது.

பஸ்ஸில் மொத்தமாகப் போகிறவர்களை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும், காணாமல் போனால் ஏஜென்சி சட்டையைப் பிடிக்கலாம். தனி ஆளுக்கு யார் பொறுப்பு? 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தார்கள் என்பதை எந்த அதிகாரியும் மறக்கமாட்டார். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் பேர், பாஸ்போர்ட், போட்டோ எல்லாம் பல நாளைக்கு முன்பே கம்பெனி கொடுத்துவிட்ட கப்பல் பயணியும் இருட்டில் படகில் வந்தவனும் ஒன்றா?

ரஷ்யா காட்டிய வித்தை

இந்த விஷயத்தில் பெரிய உதாரணம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கே கப்பலில் வருபவர் 72 மணி நேரம் விசா இல்லாமல் இறங்கலாம் என்று விதி வைத்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அங்கீகாரம் பெற்ற டூர் கம்பெனியின் குழுவோடுதான் போகணும், ராத்திரி கப்பலுக்குத் திரும்பிடணும். குழுவை விட்டுத் தனியாகத் தெருவில் நடக்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே முறைப்படி விசா எடுக்கணும். இதனால் அரண்மனை, மியூசியம் எல்லாம் கொடி பிடித்த கைடு பின்னால் ஓடும் கூட்டம்தான். சின்ன டூர் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. நாலைந்து பேரைச் சேர்த்துக் காரில் அழைத்துப்போய், அதற்கான டூர் டிக்கெட்டும் கொடுத்து, கப்பல் கம்பெனியை விடக் குறைந்த விலைக்கு விற்றன. விதிக்கு விதியும் ஆச்சு, சவாரிக்குச் சவாரியும் ஆச்சு! 2022ல் உக்ரைன் போர் வந்ததும் மேல்நாட்டுக் கப்பல் கம்பெனிகள் அந்த ஊரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. 2023 ஆகஸ்டில் ரஷ்யா இந்தியர் உள்ளிட்ட 55 நாட்டவருக்கு இ-விசா கொண்டுவந்தது.

சீனாவும் குரூப் வழிதான். 2024 மே மாதம் முதல் ஷாங்காய் உள்ளிட்ட 13 துறைமுகங்களில், கப்பலில் வரும் குழுவுக்கு விசா வேண்டாம், 15 நாள் வரை இருக்கலாம் என்று அறிவித்தது. குழு என்றால் ரெண்டு பேரே போதும். ஆனால் சீன டிராவல் ஏஜென்சி மூலம் வரணும், அதே கப்பலில் அடுத்த ஊருக்குப் போகணும்.

ஜப்பான் கொஞ்சம் தாராளம். 2015லிருந்து, அரசு குறிப்பிட்ட கப்பல்களில் வருபவருக்கு இறங்கும் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். கப்பல் கிளம்புவதற்குள் திரும்பிடணும், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் நம்ம ஆட்டோக்காரருக்கு லாபமான விதி இந்த ஜப்பான் விதிதான். குரூப் விதி வந்தால் பஸ் முதலாளிக்குத்தான் கொண்டாட்டம்.

கடிகாரம் ஓடுது

விசா சரியாக இருந்தாலும் அடுத்த வில்லன் நேரம். கப்பல் காலை எட்டு மணிக்குக் கட்டப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். குடியேற்ற அதிகாரிகள் ஒவ்வொருவரையும் பார்த்து முத்திரை போட்டு, கரை இறங்கும் அட்டை கொடுக்கணும். பஸ் டூருக்குக் காசு கட்டியவர்களை முதலில் அனுப்பிவிடுவார்கள். தனியாகப் போகிறவர் கடைசி. அவர் வெளியே வரும்போது பத்தோ பத்தரையோ ஆகிடும். மாலை ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புது என்றால் அஞ்சு, அஞ்சரைக்குள் உள்ளே இருக்கணும். கையில் இருப்பது ஆறேழு மணி நேரம்.

மாமல்லபுரம் சுமார் 60 கிலோமீட்டர். போக ஒன்றரை, ரெண்டு மணி நேரம், வர அதே. சாயந்திரம் டிராபிக்கில் மாட்டினால் கடவுள்தான் காப்பாத்தணும். கப்பல் கம்பெனியின் பஸ் லேட் ஆனால் கப்பல் காத்திருக்கும். ஆட்டோவிலோ காரிலோ போனவர் லேட் ஆனால் காத்திருக்காது. அவருடைய பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்தில் இருந்தால் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சொந்தச் செலவில் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அந்த நாட்டுக்கு விமானத்தில் போக விசா தேவையா என்பது தனிக் கதை. இந்தப் பயம்தான் பஸ் டிக்கெட்டை விற்க வைக்கிறது.

ஆனால் மாமல்லபுரத்துக்குத்தான் போகணும் என்று யார் சொன்னது? கோட்டையும் பாரிமுனையும் துறைமுகத்தை ஒட்டியே இருக்கின்றன. சாந்தோம் தேவாலயம், மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோவில் எல்லாம் ஏழெட்டு கிலோமீட்டருக்குள். மூணு மணி நேரத்தில் பார்த்து, காபி குடித்து, பட்டுச்சேலையும் வாங்கிவிட்டுத் திரும்பிடலாம். கடற்கரைக் கோவில் டிக்கெட்டே வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று 2018ல் ஏற்றிவிட்டார்கள். கபாலி கோவில் கோபுரத்தைப் பார்க்கக் காசு இல்லை. இந்தச் சவாரி முழுக்க ஆட்டோவுக்கு உரியது.

இங்கேதான் நம்ம ஆட்களும் கொஞ்சம் யோசிக்கணும். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல், கேஸ் விலை ஏறியும் கட்டணம் ஏறாததால் 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களே புதுக் கட்டணம் அறிவித்தன. அந்தக் கோபம் நியாயம். அதுக்காக மயிலாப்பூர் போய் வர 50 டாலர் என்று ஆரம்பித்தால், அந்தப் பயணி அன்றைக்கே இன்டர்நெட்டில் எழுதிவிடுவார். அடுத்த கப்பலில் வருகிற ஆயிரம் பேரும் அதைப் படித்துவிட்டு பஸ்ஸில் ஏறுவார்கள். ஒரு சவாரியில் கிடைத்தது நூறு சவாரியில் போச்சு.

நம்ம ஆளுங்க போகும்போது

இது வெள்ளைக்காரன் கதை மட்டும் இல்லை. சிமெண்ட், பெயிண்ட் கடைக்காரர்களுக்குக் கம்பெனிகள் இலவசமாக சிங்கப்பூர் கப்பல் டூர் கொடுப்பது சகஜமாகிவிட்டது. குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. இதில் பலரும் மாட்டுவது ஒரே இடத்தில். சிங்கப்பூரில் இறங்கி, கப்பல் ஏறி, பினாங்கு பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூர் வந்தால் அது ரெண்டாவது நுழைவு. ஒரே தடவை நுழையும் விசா வைத்திருந்தால் செல்லாது. பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துத்தான் கிளம்பணும். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம், 2026 இறுதி வரை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் ஆன்லைன் வருகை அட்டை நிரப்பணும். ஐரோப்பாக் கப்பல் என்றாலும் இதே கதை. நடுவில் துருக்கி வந்தால் அதற்குத் தனி விசா, திரும்ப கிரீஸ் வந்தால் ஷெங்கன் விசாவில் இன்னொரு நுழைவு.

சென்னையிலிருந்தே ஏறுகிற கப்பல்களும் வந்தன. 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கப்பல் புதுச்சேரி பக்கம் போனபோது அங்கே ஆளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. சூதாட்டம் நடக்கும் என்ற எதிர்ப்புதான் காரணம். அதில் போனவர்கள் இந்தியர்கள், விசா பிரச்னையே கிடையாது. அப்படியும் இறங்க முடியலை! 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கு கப்பல் போனது. சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாயில் கட்டிய பயணிகள் முனையமும் அப்போதுதான் திறக்கப்பட்டது.

2024 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய குரூஸ் பாரத் திட்டம், 2029க்குள் கப்பல் பயணிகளை ரெண்டு மடங்காக்குவோம் என்கிறது. முனையம் கட்டுவதும் ஆழம் தோண்டுவதும் நடக்கட்டும். அதோடு ஜப்பான் மாதிரி ஒரு நாள் சீட்டைப் பற்றியும் டெல்லி யோசிக்கணும். அதற்கு நாள் ஆகும். ஆனால் துறைமுக கேட் பக்கத்தில், ரயில் நிலையங்களில் இருப்பது போல ப்ரீபெய்டு ஆட்டோ கவுண்டர் ஒன்று வைக்க டெல்லி உத்தரவு வேண்டாம். கோட்டை இவ்வளவு, மயிலாப்பூர் இவ்வளவு, மூணு மணி நேரச் சுற்று இவ்வளவு என்று போர்டு எழுதி வைத்தால் பாதிப் பேரம் முடிந்தது.

கப்பல் சீசன் அக்டோபர், நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடியும். அந்த மாசங்களில் கப்பல் பயணியை ஏற்றும் டிரைவர் முதலில் கேட்க வேண்டியது எங்கே போகணும் என்பதை அல்ல, எத்தனை மணிக்குக் கப்பல் கிளம்புது என்பதை. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி கேட்டில் இறக்கிவிடணும். கரை இறங்கும் அட்டையையும் பாஸ்போர்ட் நகலையும் பத்திரமா வைச்சிருக்கீங்களா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. திரும்ப உள்ளே போகும்போது கேட்டில் அதைக் காட்டச் சொல்வார்கள்.