ஊசி அசையாத டிராக்டரில் உழவு வேண்டாம்

மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் காவிரி வந்து சேரும் நாட்களில் டெல்டாவில் டிராக்டருக்கு இருக்கும் கிராக்கி நாம் அறிந்ததே. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சேற்றுழவு ஆக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் என் தம்பியின் டிராக்டர் வயலின் நடுவே நின்றுபோயிற்று. மூன்று கை மாறி வந்த பழைய வண்டி. ரேடியேட்டரின் ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்பு. அதன் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கிறது. உழவு மும்முரத்தில் ஓட்டுநர் அதைக் கவனிக்கவில்லை. ஆவி கிளம்பியபோது காலம் கடந்துவிட்டது. கேஸ்கட் எரிந்து, சிலிண்டர் ஹெட் வளைந்து, வண்டி 12 நாட்கள் பட்டறையில் கிடந்தது.

செய்தி கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வெப்பமானி இருந்தது. அதன் ஊசி குளிர்ச்சிப் பக்கத்தில் படுத்துக்கிடந்தது. கேட்டதற்கு, "அது நான் வாங்கின நாளிலிருந்தே வேலை செய்யாது அண்ணே" என்றான் தம்பி.

விதை நேர்த்தியையும் உர அளவையும் ஊர் ஊராகச் சென்று சொல்லி வருபவன் நான். தம்பியின் வண்டியில் ஏறி அந்த ஊசியை ஒரு நாளும் பார்த்ததில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டறைச் செலவு மட்டும் நட்டமல்ல. அவனை நம்பியிருந்த பக்கத்து வயல்காரர்கள் வேறு வண்டி தேடி அலைந்தார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றியது. குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும் என்கிறோம். நாற்று முற்றினால் தூர் குறையும்; தூர் குறைந்தால் மகசூல் குறையும். ஒரு வண்டியின் ஊசி அசையாததற்கு நாலு வீட்டுக் களம் விலை கொடுக்க நேர்ந்தது.

ஆகவே என் கருத்து இது. பழைய டிராக்டர் வைத்துள்ள சிறு விவசாயி அடுத்து வாங்க வேண்டியது ரோட்டவேட்டரும் அல்ல, புதுக் கலப்பையும் அல்ல. ஒழுங்காக வேலை செய்யும் ஒரு வெப்பமானிதான். 'ஹீட் மீட்டர்' என்று நம் ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். ஒரு மூட்டை நெல் விற்ற பணத்துக்குள்ளாகவே இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

நாம் ஊற்றும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் புகைபோக்கி வழியாகவும், எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். சாலையில் ஓடும் லாரிக்கு எதிர்க்காற்று உதவும். வயலில் நடை வேகத்தில் ஊரும் டிராக்டருக்கு அந்த உதவி இல்லை. கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்ற ஒரே இடத்தில் நிற்கும் டிராக்டருக்குக் கேட்கவே வேண்டாம். விசிறி ஒன்றுதான் கதி. வைக்கோல் தூசும் பதரும் ரேடியேட்டரின் கண்களை அடைத்துக்கொண்டால் அந்த விசிறியாலும் பயனில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தால், சமையல் பாத்திரத்தில் படிவதுபோல் எஞ்சினுக்குள்ளும் சுண்ணாம்பு படியும். பெல்ட் தளர்ந்தால் தண்ணீர் சுற்றுவதும் குறையும்.

தண்ணீரால் குளிரும் டீசல் எஞ்சின் பொதுவாக 75 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு வரையில் நலமாக இயங்கும். ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால், மூடி நன்றாக இருந்தால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் கெட்டுவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். காற்றால் மட்டும் குளிரும் எஞ்சின்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

"சத்தத்திலேயே தெரிந்துவிடும்"

வெப்பமானி பற்றிப் பேசினால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். "முப்பது வருஷமாக ஓட்டுகிறேன், சத்தத்திலேயே தெரிந்துவிடும்" என்பார்கள். அவர்கள் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சத்தம் மாறுவதும், இழுவை குறைவதும், ஆவி கிளம்புவதும் நோய் முற்றிய பின் தோன்றும் அடையாளங்கள். காய்ச்சலைக் கண்டுபிடிக்கச் சன்னி வரும் வரை காத்திருப்போமா? ஊசி அதற்குச் சில நிமிடங்கள் முன்பே சொல்லிவிடும். அந்தச் சில நிமிடங்கள்தான் எஞ்சினின் ஆயுள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டி சூடாகிறது என்றவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. அடைத்த ரேடியேட்டருக்கு அது மருந்தல்ல. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் லேசான வேலையில் போதிய சூடு ஏறாமல் ஓடி, டீசலைக் கூடுதலாகக் குடித்து, உள்ளே தேய்ந்துபோகும். அளந்து பாராமல் செய்யும் வைத்தியத்தின் பலன் இதுதான்.

புதிது வாங்கும் முன்

முதலில் பழைய மானியில் கோளாறு எங்கே என்று பாருங்கள். பல டிராக்டர்களில் ஒற்றைக் கம்பி சென்சார் இருக்கும். சாவியைத் திருப்பி, சென்சாரிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றி, எஞ்சின் இரும்பில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். ஊசி சூட்டுப் பக்கம் எழுந்தால் மானியும் கம்பியும் நலம். சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். ஊசி அசையாவிட்டால் கோளாறு கம்பியிலோ, ஃபியூஸிலோ, மானியிலோ இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஊசி உச்சியில் நின்றால், கம்பி எங்கோ தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது. பல கம்பிகள் உள்ள புதிய மின்னணு வண்டிகளில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்; அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

புதிதாகப் பொருத்துவதானால் இரண்டு வகை மானிகள் உண்டு. ஒன்று மின்சார வகை. இதில் சென்சாரும் மானியும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவையாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனி மானிக்கு வேறொரு கம்பெனி சென்சாரைப் போட்டால் ஊசி பொய் சொல்லக்கூடும். மற்றொன்று மெல்லிய செம்புக் குழாயோடு வரும் வகை. பேட்டரி இறங்கினாலும் இது வேலை செய்யும். ஆனால் அந்தக் குழாயை வெட்டவோ மடிக்கவோ கூடாது. நீளம் மிஞ்சினால் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். புகைபோக்கியின் பக்கம் போகவிடக் கூடாது. குழாய் உடைந்தால் ஒட்ட முடியாது. முழு மானியையும் மாற்ற வேண்டியதுதான்.

பொருத்தும் முறை

எஞ்சின் நன்கு ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. தண்ணீரைச் சென்சார் துளைக்குக் கீழே இறங்கும் அளவுக்கு வடித்துக்கொள்ளுங்கள். பழைய சென்சாரைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய் மரையை ஒப்பிட்டு வாங்குங்கள். பொருந்தாத மரையை முறுக்கி ஏற்றினால் ஹெட்டின் மரையே போய்விடும்.

சென்சாருக்கு உரிய இடம் சிலிண்டர் ஹெட்டில் அல்லது தெர்மோஸ்டாட் கூட்டில் கம்பெனி விட்டிருக்கும் துளை. எஞ்சினிலிருந்து சூடாக வெளியேறும் தண்ணீரை அங்கேதான் அளக்க முடியும். ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் வைத்தால் ஏற்கெனவே ஆறிய தண்ணீரைத்தான் அது காட்டும். துளை இல்லையென்று மேல் ரப்பர் குழாயை வெட்டி நடுவில் இணைப்புத் துண்டு வைப்பவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை அங்கே சரியான அளவு தெரியாது. மேலும், இரு பக்கமும் ரப்பர் இருப்பதால் ஒற்றைக் கம்பி சென்சாருக்கு எர்த் கிடைக்காது. இணைப்புத் துண்டிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி இழுக்க வேண்டும். இதே காரணத்தால் சென்சாரின் மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றுவதும் தவறு.

பொருத்தும் முன்பே மானியைச் சோதித்துவிடலாம். செம்புக் குழாய் வகையானால் அதன் முனைக் குமிழைக் கொதிக்கும் வெந்நீரில் முழுக்கிப் பாருங்கள். சமவெளியில் ஊசி 100 டிகிரிக்கு அருகில் நிற்க வேண்டும். நீலகிரி விவசாயிகள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே மானி 100 காட்டவில்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பொருத்திய பின் தண்ணீர் நிரப்பி, சிறிது நேரம் ஓடவிட்டு, ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டி வழக்கமான உழவில் எந்த இடத்தில் ஊசியை நிறுத்துகிறது என்று ஒரு வாரம் கவனித்து, கண்ணாடியின் மேல் அங்கே ஒரு சாயக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் யார் ஓட்டினாலும் கேள்வி கேட்க வேண்டும்.

ஊசி ஏறினால்

உடனே கலப்பையைத் தூக்கிச் சுமையை எடுத்துவிடுங்கள். விசிறி ஓடுகிறது, தண்ணீரும் இருக்கிறது என்றால் சுமையில்லாமல் மூன்று, நான்கு நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது நல்லது. உள்ளிருக்கும் சூடு சீராக வெளியேறும். பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் போயிருந்தாலோ அக்கணமே அணைத்துவிட வேண்டும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பின்பே ஊற்றுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெப்பமானியும் ஏமாற்றும் நேரம் உண்டு. சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் அது சரியாகச் சொல்லும். தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் ஆவியில் நின்றால் ஊசி இறங்கக்கூடும். சுமையோடு ஓடும் வண்டியில் ஏறிய ஊசி திடீரென்று விழுந்தால் அதை நல்ல செய்தி என்று எண்ணாதீர்கள். வண்டியை நிறுத்திப் பாருங்கள். எனவே காலையில் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்கும் பழக்கத்துக்கு மானி மாற்று அல்ல. ஆயில் அழுத்தம் காட்டும் மானியும் கூடவே வேலை செய்ய வேண்டும்.

கியர் பெட்டிக்கும் மானி வேண்டுமா?

காய்கறி ஏற்றச் சிறு சரக்கு வண்டி வைத்துள்ள ஓர் இளைஞர் பயிற்சி முகாமில் இதைக் கேட்டார். அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்காரர்கள் கியர் பெட்டிக்கும் வெப்பமானி பொருத்துகிறார்களாம். உண்மைதான். அங்கே தானாகக் கியர் மாறும் வண்டிகள் மிகுதி. அவற்றில் எஞ்சினின் விசை எண்ணெய் வழியே கடத்தப்படுகிறது. கனமான டிரெய்லரை இழுக்கும்போது அந்த எண்ணெய் கடுமையாகச் சூடேறிக் கெடும்; ஆகவே அவர்களுக்கு அந்த மானி அவசியம். நம்மிடையே பெரும்பாலும் உள்ளவை கையால் கியர் மாற்றும் வண்டிகள். இவற்றின் கியர் பெட்டிக்கு வேண்டியது சரியான எண்ணெய், சரியான அளவு, உரிய காலத்தில் மாற்றம். அந்தப் பணத்தை எஞ்சின் மானிக்குச் செலவிடுங்கள்.

மற்றவர்களின் பொறுப்பு

விவசாயியை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயமல்ல. பழைய டிராக்டருக்குக் கடன் கொடுப்போர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கிறார்கள், இன்சூரன்ஸைப் பார்க்கிறார்கள். மானிகள் வேலை செய்கின்றனவா என்றும் ஒருமுறை பார்க்கட்டும். அந்தக் கடன் அடைவது அந்த எஞ்சின் ஓடினால்தானே? விற்பவரும் ஓடாத மானியோடு வண்டியைத் தள்ளிவிடக் கூடாது. எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களும் டிராக்டர் பயிற்சியில் கலப்பை பூட்டக் கற்றுத் தருவதோடு நிற்காமல், ஊசி பார்க்கவும் கற்றுத்தர வேண்டும். மணிக்கணக்கில் வாடகை பேசும் வயல்காரரும் ஒன்று செய்யலாம். ஊசி ஏறியதென்று ஓட்டுநர் பத்து நிமிடம் நிறுத்தினால் முகம் சுளிக்காதீர்கள். அவர் காப்பாற்றுவது உங்கள் நடவையும்தான்.

தம்பியின் வண்டியில் இப்போது செம்புக் குழாய் மானி இருக்கிறது. சென்ற பருவத்தில் ஒரு நாள் மதியம் ஊசி கோட்டைத் தாண்டியது. ஓட்டுநர் கரையேறி நிறுத்திவிட்டார். பார்த்தால் ரேடியேட்டர் முழுக்கப் பதர். அதைத் தட்டி ஊதிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆனது. பொழுது சாய்வதற்குள் மீதி உழவும் முடிந்தது. நாளைக் காலை நீங்கள் சாவியைத் திருப்பும்போது, அந்த ஊசி இருக்கும் பக்கம் ஒருமுறை பாருங்கள்.