கனமான பக்கமும் கைமாறும் கடவுச்சொல்லும்

பிராட்பேண்ட் எனப்படும் அகன்ற அலைவரிசை இணைப்புக்கு இந்திய அரசு இதுவரை மூன்று வரையறைகளைத் தந்துள்ளது. 2004ஆம் ஆண்டின் கொள்கையில் குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 256 கிலோபிட். 2013இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். நகரங்களில் இதைவிடப் பன்மடங்கு வேகம் இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது. கைபேசித் தரவின் விலை 2016க்குப் பிறகு வீழ்ந்த கதையையும் வாசகர்கள் அறிவார்கள். அப்படியிருந்தும், ஓர் இணையப் படிவத்தைத் தாமாக நிரப்பி முடிக்க இயலாமல் பக்கத்துக் கடைக்காரரையோ அண்டை வீட்டு மாணவனையோ நாடுவோர் இன்றும் இருக்கிறார்கள். இணைப்பின் குறை மட்டும் இதற்குக் காரணமன்று. இணையப் பக்கங்களை வடிவமைத்துப் பிழைக்கும் எங்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இதை நாங்கள் உணர்ந்தது 2019இல், நடு அந்தமானின் ரங்கத் என்னும் சிற்றூரில். ஒரு நிதி நிறுவனத்துக்காகக் கணக்கு தொடங்கும் படிவம் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தோம். சென்னையில் எங்கள் அலுவலகத்தில் அது கண்ணிமைப்பதற்குள் திறந்தது. தீவுகளிலிருந்து வரும் விண்ணப்பங்கள் மட்டும் பாதியில் நின்றுபோவதாக நிறுவனத்தார் சொன்னபோது, காரணம் புரியாமல் நேரில் பார்க்கப் போனோம். கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர். உரிமையாளர் தமிழர். நாங்கள் யாரென்று தெரிந்ததும் முகம் மலர்ந்தார். “அந்த ஃபார்ம் நீங்க செஞ்சதா சார்? அதாலதான் எனக்குத் தினம் நாலு பேர் வர்றாங்க” என்றார். எங்கள் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் இப்படியொரு நன்றியை நாங்கள் பெற்றதில்லை.

அவர் மேசையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், கைபேசி எண், பயனர் பெயர், கடவுச்சொல். அவர் தீயவர் அல்லர். வருகிறவர்கள் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். நம் படிவமோ பாதியில் அறுந்து, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து கேட்கிறது. ஆகவே எழுதி வைத்துக்கொண்டார். ஒருமுறைக் கடவுச்சொல் வந்ததும் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து தொலைபேசியில் அதை அவருக்குப் படித்துக் காட்டுவதும் வழக்கமாக இருந்தது. ‘கடவுச்சொல்லை எவரிடமும் பகிராதீர்’ என்ற எச்சரிக்கை எங்கள் பக்கத்தின் உச்சியிலேயே சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்தது. அதன் கீழே இருந்த படிவமோ, பகிராமல் முடிக்க முடியாததாக இருந்தது.

ஏன் அப்படி? அந்நாளில் அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலேறிக் கீழிறங்கி, விடையும் அவ்வாறே திரும்ப, ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். எத்தனை மெகாபிட் வாங்கினாலும் இந்த அரை நொடி குறையாது. விளம்பரங்கள் வேகத்தைச் சொல்கின்றன, தாமதத்தைச் சொல்வதில்லை. ஓர் இணையப் பக்கம் புதிய சர்வர் ஒன்றோடு பேசத் தொடங்கும்போது, முகவரியைக் கேட்டறிய ஒருமுறை, தொடர்பை ஏற்படுத்த ஒருமுறை, பாதுகாப்புப் பூட்டைப் போட ஒன்றிரண்டு முறை என்று போய்வர வேண்டும். முதல் எழுத்து வந்து சேருமுன் இரண்டு நொடிகள் போய்விடும். எங்கள் படிவம் பதினொரு சர்வர்களை அழைத்துக்கொண்டிருந்தது. எழுத்துருவுக்கு ஒன்று, வருகையாளரை எண்ண ஒன்று, ஒருவரும் தொடாத உரையாடல் பெட்டிக்கு ஒன்று என்று நாங்கள் யோசிக்காமல் சேர்த்துக்கொண்டே போனவை. அடுத்தடுத்துக் காத்திருந்து பக்கம் முழுமையாகத் திறக்க ஒன்றரை நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடத்தில் அமர்வு காலாவதியாகிவிடும் என்று விதித்திருந்தவர்களும் நாங்களே.

ஊர் திரும்பியதும் திருத்தினோம். கைபேசியிலேயே இருக்கும் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தினோம். எண்ணும் கருவிகளை நீக்கினோம். பக்கத்தின் எடையை 150 கிலோபைட்டுக்குள் அடக்கினோம். அமர்வின் நேரத்தைக் கூட்ட நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர் இசையவில்லை. திறந்தபடி விடப்பட்ட கணினியில் பிறர் கைவைக்கலாம் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. ஆகவே நேரம் அப்படியே இருந்தது. நிரப்பியவரை சேமித்து, மறுமுறை நுழைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றினோம். கடினமான வேலையன்று. முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து தீவுகளுக்கான கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் மொத்த நீளம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் ஓடித் திரும்பினாலும் கண்ணாடி இழையில் ஒளிக்கு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு போதும். ரங்கத்துக்கும் அந்த இழை சென்றது. இனிப் பக்கங்களை மெலியச் செய்யத் தேவையில்லை அல்லவா என்று எங்கள் இளம் நண்பர் ஒருவர் அப்போது கேட்டார்.

தேவை இருக்கிறது. நாள் ஒதுக்கீடு தீர்ந்ததும் பல கைபேசித் திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. அது 2004ஆம் ஆண்டின் வரையறையிலேயே நான்கில் ஒரு பங்கு. பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அந்த வேகத்தில் 150 கிலோபைட் பக்கம் இருபது நொடிக்குள் வந்துவிடும். 4 மெகாபைட் பக்கத்துக்கோ எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் காணொளி பார்த்து ஒதுக்கீட்டைத் தீர்த்தபின், அதே கைபேசியில் தாய் தம் கணக்கைப் பார்க்க முயலும் வீடு அந்தமானில் மட்டுமா இருக்கிறது?

அரசின் வரையறையிலும் எங்களுக்கு ஒரு குறை உண்டு. 2023ஆம் ஆண்டின் 2 மெகாபிட் என்பது பதிவிறக்க வேகம் மட்டுமே. பதிவேற்றத்துக்கு எண் எதுவும் குறிப்பிடப்படவில்லை. பார்ப்பவர்களாக மட்டும் மக்கள் இருந்த காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். இன்றோ அடையாள அட்டையையும் நிழற்படத்தையும் கையொப்பத்தையும் மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது. அதிலும் எங்கள் கூட்டத்தார் செய்யும் கொடுமை ஒன்று உண்டு. ‘படம் 50 கிலோபைட்டுக்கு மிகாதிருக்க வேண்டும்’ என்று படிவம் சொல்கிறது. கைபேசி எடுக்கும் படமோ 3, 4 மெகாபைட். படத்தைச் சுருக்கித் தரக் கடைக்காரர் பணம் வாங்குகிறார். ஆதார் அட்டையின் பிரதி அவர் கணினியிலேயே தங்கிவிடுகிறது. உலாவிக்குள்ளேயே படத்தைச் சுருக்கிவிடும் நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். எழுதாமல் விடுவது சோம்பல்தான். வேறு பெயர் அதற்கு எங்களுக்குத் தெரியவில்லை.

இணைப்பைக் கொண்டுசேர்க்கும் பணியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இழையால் இணைக்க 2011இல் ஏற்கப்பட்ட திட்டமே இன்றைய பாரத்நெட். அதைத் திருத்தி விரிவாக்க 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீட்டு வாசல்வரை உள்ள கடைசித் தொலைவை இந்தப் பணம் கடக்குமானால் நல்லது. ஆனால் இழை தரும் அகலத்தை முழுவதும் எங்கள் அலங்காரங்களே தின்றுவிடுமானால், ஊராட்சித் தெருவில் இருப்பவருக்குக் கிட்டியது என்ன?

வேறு வழியில் யோசித்தவர்களும் இருக்கிறார்கள். சாதாரணக் கைபேசியில் இணையமே இல்லாமல் *99# என்று அழுத்திப் பணம் அனுப்பலாம். 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே, குரல் அழைப்பிலேயே பணம் செலுத்த வழி செய்தது. மிகப் பலவீனமான இணைப்பை முன்னிறுத்தி வடிவமைத்தவை இவை. எங்கள் அலுவலகத்திலும் இப்போது ஒரு பழைய கைபேசி, ஒதுக்கீடு தீர்ந்த சிம்முடன் மேசைமேல் கிடக்கிறது. எந்தப் பக்கமும் அதில் திறந்து, நிரப்பி, முடித்த பின்னரே வெளியே போகும். இளையவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு படிவம் உங்களைப் பாதியில் கைவிட்டால், கைபேசி தெரியாத குற்றம் நம்முடையது என்று எண்ணிக் கடைக்காரரிடம் போய்விடாதீர்கள். எந்தப் படியில் நின்றது, எந்தக் கைபேசி, எந்த நிறுவனத்தின் இணைப்பு, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் எழுதி அந்தப் படிவம் யாருடையதோ அவர்களுக்கு அனுப்புங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். ‘உங்கள் தளம் சரியில்லை’ என்று மொட்டையாக வரும் புகாரில் எங்களால் எதையும் கண்டுபிடிக்க இயலாது. அந்த நான்கு விவரங்கள் இருந்தால் அன்று மாலைக்குள் பிழை இருக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.