பதிவேட்டில் இல்லாத பேத்தி

என் பேத்திக்கு ஒன்பது வயது. ஜூன் மாதத்திலிருந்து அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. மலைப்படியில் எதிர்ப்படும் நண்பர்கள் "பேத்தி எந்த ஸ்கூல்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல நாக்கு கூசியது.

என் மகளும் அவளுடைய தோழிகள் இருவரும் ஒரு வீட்டு மாடி அறையில் ஆறு பிள்ளைகளை உட்காரவைத்துத் தாங்களே பாடம் நடத்துகிறார்கள். "சும்மா திட்டாதீங்கப்பா, ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்க" என்றாள் மகள். போன வாரம் போனேன்.

காலை ஒன்பது மணிக்குக் கணக்கு. சமையலறையிலிருந்து படியும் உழக்கும் ஆழாக்கும் வந்தன. பிள்ளைகள் அரிசியை அளந்து கொட்டினார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆகவே ஆழாக்கு என்பது அரைக்கால். பாதி அரிசி பாயில்தான் கிடந்தது, அது வேறு விஷயம். புதுச்சேரியில் நான் பின்னக் கணக்கைப் பிரெஞ்சில் ஒப்பித்தவன். எட்டில் ஒன்று கையில் எவ்வளவு கனக்கும் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. மாகாணி, அரைக்கால் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்குத்தான் தெரியும்.

அடுத்தது மொழிப்பாடம். ஆறு பேரில் இரண்டு பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்த ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் பக்கம் வந்தது. ம.பொ.சி. போராடியதெல்லாம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சண்டையின் சுவடே இல்லாமல் ஒரு பையன் என் பேத்திக்குத் தெலுங்கு எழுத்தைச் சுழித்துக் காட்டினான். அவள் அவனுக்கு 'ழ'வைத் திருத்தினாள். பெரியவள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்ததும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை ஞாபகம் வந்தார். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1790களில் சென்னையில் நம் திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தன் அநாதைப் பள்ளியிலும் அப்படியே செய்தார். மூத்த பிள்ளைகளை வைத்தே இளையவர்களுக்குப் பாடம் நடத்தினார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்.

மாலையில் 365 படியும் ஏறினோம். "லீப் வருஷத்துக்கு ஒரு படி குறையுதே தாத்தா?" என்றான் ஒருவன். எனக்குப் பதில் தெரியவில்லை, மூச்சும் வாங்கியது.

ஆகவே படிப்பைப் பற்றி எனக்கு இப்போது புகார் இல்லை. என் கவலை காகிதம்.

குமாஸ்தா புத்தி என்று சிரிப்பீர்கள். என் கதையைக் கேளுங்கள். பிரெவே சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைக்கு அலைந்த காலத்தில், "இது எதற்குச் சமம்?" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வர ஒரு வருடம் ஆனது. எனக்குப் பின்னால் எழுதியவன் எனக்கு சீனியர் ஆனான். எனக்கு என்ன தெரியும் என்று அந்த ஒரு வருடமும் யாரும் கேட்கவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பள்ளியில் சேராத பிள்ளை வந்து கேட்டால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அது ஒரு ஆறுதல். 14 வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இடைப்பட்ட ஐந்து வருடம் என் பேத்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அம்மாக்கள் அலுத்துப்போனால், ஒரு குடும்பம் மாற்றலாகிப் போனால், யாருக்குத் தெரியும்?

பிரான்சில் 1882 மார்ச் 28ஆம் தேதிச் சட்டத்தை ழூல் ஃபெரி கொண்டுவந்தார். அது கல்வியைத்தான் கட்டாயமாக்கியது, பள்ளிக்கூடத்தை அல்ல. அப்பாவே வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் இரண்டு வருடம் முடிந்ததிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளை ஒரு தேர்வுக்கு வர வேண்டும். தேறாவிட்டால், தகுந்த காரணமும் இல்லாவிட்டால், எட்டு நாளில் பள்ளியில் சேர்க்க வேண்டும். இப்போது 2021 சட்டத்தால் அங்கே முன் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. அது இங்கே வேண்டாம். அனுமதி என்றால் கோப்பு. கோப்பு என்ன பாடு படுத்தும் என்று கோப்பைக் கட்டி ஆண்டவனுக்குத் தெரியும். அந்தப் பழைய வருடாந்தரத் தேர்வு போதும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு நாள், பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, ஒரு கையெழுத்து.

அரசு எப்போது செய்யுமோ. நேற்று பஜாரில் நீள நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன்: பெயர், பிறந்த தேதி, நடத்திய பாடம், வந்த நாள், பெற்றோர் கையொப்பம். மகள் சிரித்தாள். தெலுங்குப் பையனின் அப்பா மட்டும் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்துவிட்டு, தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.