பழைய சாகாவுக்குப் பழைய விதி போதாது

1985 ஜூலை 9ஆம் நாள் மலேசியாவின் புரோட்டோன் சாகா கார் அறிமுகமானது. அதே ஆண்டு பினாங்குப் பாலத் திறப்பில் அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சிவப்பு சாகாவைத் தாமே ஓட்டிச் சென்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஷா ஆலாம் ஆலையிலிருந்து வந்த முதல் கார் தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிற்கிறது. அதோடு பிறந்தவற்றுள் பல டாக்சியாகத் தேய்ந்தன, பல துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போயின. மிஞ்சியவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் கார் ஆர்வலர்கள்தாம். அவர்களுடைய மன்றங்கள் நடத்தும் போட்டிகள் மட்டும் கார் புதிதாக இருந்த காலத்து விதிகளிலேயே நின்றுவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் அழகுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் பானெட்டைத் திறந்து வைத்து வரிசையாக நிற்கும் கார்கள். நடுவர் கையில் மதிப்பெண் தாள்: பெயிண்ட் பளபளப்பு, ரிம், ஒலிபெருக்கி, எஞ்சின் அறையின் சுத்தம். ஆலையில் பூசிய பெயிண்ட், 13 அங்குல இரும்புச் சக்கரம், சற்றே வெளுத்த டேஷ்போர்டு என்று ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே காத்த காருக்கு இந்தத் தாளில் மதிப்பெண் போட இடமே இல்லை. போன மாதம் புதுப் பெயிண்ட் அடித்து 17 அங்குல ரிம் மாட்டிய கார் கோப்பையை வாங்கிப் போகிறது. தோற்றவர் மறுவாரமே பெயிண்ட் கடைக்குப் போனால் குற்றம் யாருடையது?

பிரிவு வகுப்பதிலும் இதே கோளாறுதான். ‘சாகா பிரிவு’ என்று ஒரே பலகை வைக்கிறார்கள். முதல் தலைமுறை சாகாவின் உடலமைப்பு இஸ்வாரா, எல்எம்எஸ்டி என்று முகம் மாறி மாறி 2008 வரை உற்பத்தியில் இருந்தது. 1985இன் எட்டு வால்வு கார்புரேட்டர் காரும் அதைவிட இருபது வயது இளைய காரும் ஒரே வரிசையில் நின்றால் என்ன நியாயம் கிடைக்கும்? பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டு நிறைந்து, மூல நிலையில் காக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியையே வரலாற்று வாகனம் என்கிறது. அந்தக் கணக்கில் முதல் சாகா 2015இல் தகுதி பெற்றது. 1993இன் வீரா 2023இல், 1994இன் கஞ்சில் 2024இல். இளைஞர்கள் இன்னும் ‘புதுக் கார்’ என்று நினைக்கும் 1998இன் சத்ரியா ஜிடிஐ 2028இல் அந்த வரிசைக்கு வந்துவிடும். பிரிக்க வேண்டியது பிறந்த ஆண்டை வைத்து, பெயரை வைத்து அல்ல.

உலகின் புகழ்பெற்ற கார் அழகுப் போட்டியும் இந்தப் பாதையைக் கடந்து வந்ததுதான். கலிபோர்னியாவின் பெபிள் பீச் போட்டி 1950இல் தொடங்கியபோது முதல் பரிசு புத்தம்புதுக் காருக்கே போனது. 1955இல் 1931ஆம் ஆண்டின் பியர்ஸ் ஆரோ ஒன்று வென்றபின் அங்கே பார்வை மாறத் தொடங்கியது. பின்னாளில், மறுசீரமைப்பே செய்யாமல் காக்கப்பட்ட கார்களுக்கென்று தனிப் பிரிவும் வந்தது. கீறலும் வெளுப்பும் அங்கே குறையாக எண்ணப்படுவதில்லை. கோடீஸ்வரர்களின் போட்டியே இப்படி மாற முடிந்தபோது நம் மன்றங்களுக்கு என்ன தடை?

வேகப் போட்டிகளில் சிக்கல் இன்னும் பெரிது. எஞ்சின் கொள்ளளவை மட்டும் பார்த்துப் பிரிவு வைத்தால், வெல்ல நினைப்பவர் நேரே ஹாஃப் கட் கடைக்குத்தான் போவார். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துவந்த காரின் எஞ்சின் சாகாவுக்குள் ஏறுகிறது. சாகாவின் மூல எஞ்சினான 4ஜி13 ஓரமாகக் கிடந்து துருவாகிறது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி, புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனை என்று முறையாகச் செய்பவர்கள் உண்டு. ஆனால் சட்டப்படி செய்தாலும் மூல எஞ்சினோடு இருந்த இன்னொரு கார் குறைந்ததுதான்.

பந்தயத்தளமும் பழைய காருக்கு இரக்கம் காட்டாது. 1968இல் திறந்த பத்து தீகா தளம் இடிக்கப்பட்டபின் இவ்வட்டாரத்துக்குச் சிப்பாங்தான் பெரிய தளம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், அதில் இரண்டு நீண்ட நேர்கோடுகள். அங்கே மலேசியா ஸ்பீட் ஃபெஸ்டிவலில் சாகாக்களுக்கென்றே தனிக் கோப்பை நடத்தியது நல்ல யோசனை; குறைந்த செலவில் பந்தயம் பழக வழி அது. ஆனால் அது பாதுகாப்பு உள்கூடு பொருத்தித் தயார் செய்த கார்களுக்கானது. அப்பா வாங்கிய காரை அப்படியே வைத்திருப்பவர் ஹெட் கேஸ்கெட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அவருக்கு வேறொரு வழி உண்டு. இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயம் 1957இல் பார்வையாளர்களையும் பலிகொண்ட விபத்தோடு நின்றுபோனது. 1977இல் மீண்டும் வந்தபோது அது வேகப் பந்தயமாக வரவில்லை. குறித்த சராசரி வேகத்தில், குறித்த நேரத்துக்குச் சோதனை இடத்தைக் கடக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி குறையும். கடிகாரமும் நிதானமும் வெல்லும் நேரச் சீரோட்டம் அது. கிள்ளானில் புறப்பட்டுக் காப்பார், ஜெராம் வழியாகக் கோலா சிலாங்கூர் வரை, ஞாயிறு விடியலில், சாலை வேகவரம்புக்குள் இதை நடத்தலாம். கார்ப் புதையல் வேட்டையில் ஊறிய நாடு இது. வழிக்குறிப்பைப் பிடித்து ஓட்ட நம்மவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

எந்தப் போட்டியானாலும் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாக வேண்டும். பழைய கார் அதிகம் ஓடுவதில்லை; அதனால் டயரின் பூக்கள் தேயாமல் அழகாக இருக்கும், ரப்பரோ இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் போதும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அப்படிப்பட்ட டயரோடு பளபளக்கும் காருக்குக் கோப்பை கொடுப்பது வெட்கக்கேடு. பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட், பெட்ரோல் குழாய் ஆகியவையும் பட்டியலில் சேர வேண்டும். 2009இல் பின்னிருக்கைப் பட்டை கட்டாயமானபோது 1995க்கு முன் பதிவான கார்களுக்கு விலக்கு தரப்பட்டது. சட்டம் விட்டாலும் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி அணிவகுத்துப் போகும் மன்றம் விடலாகாது.

இதில் மன்றங்களின் சொந்த நலனும் இருக்கிறது. அதே 2009இல் 15 ஆண்டு தாண்டிய வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்குமுன் சோதனைக்கு வர வேண்டும் என்று அரசு அறிவித்தது. மக்கள் கொதித்ததும் சில நாளில் கைவிட்டது. அந்தப் பேச்சு திரும்ப எழாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது ‘எங்கள் கார்களை நாங்களே ஆண்டுதோறும் சோதிக்கிறோம், இதோ பதிவேடு’ என்று காட்டும் மன்றத்தின் பேச்சுக்குத்தான் எடை இருக்கும்.

மாற்றியமைப்பதும் ஒரு கலை, அதைத் தண்டிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தண்டிக்க வேண்டாம். 1.3 லிட்டர் கார் மட்டுமே கைக்கு எட்டிய தலைமுறை அதற்குள்ளேயே தன் பந்தயக் காரைக் கண்டெடுத்தது. அதுவும் இந்நாட்டு மோட்டார் வரலாறுதான். அவர்களுக்குத் தனிப் பிரிவும் தனிக் கோப்பையும் இருக்கட்டும். மூல நிலையில் உள்ள காரை அவர்களோடு மோத விடாதீர்கள் என்பதே கோரிக்கை.

மூல நிலையைக் கண்டறிய நிபுணருக்கு எங்கே போவது என்ற தயக்கமும் தேவையற்றது. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் முப்பது ஆண்டு இந்தக் கார்களைக் கழற்றிப் பூட்டிய போமென்கள், அதாவது மெக்கானிக்குகள், இருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த கார்புரேட்டர் வந்தது, எந்த போல்ட் ஆலையில் பூட்டியது என்று கை வைத்தே சொல்வார்கள். அவர்களை அழைத்து நடுவர் நாற்காலியில் உட்கார வையுங்கள். மரியாதையாக ஊதியமும் கொடுங்கள்.

மன்றச் செயலவைகள் அடுத்த ஆண்டுக்கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்: ஆண்டுவாரியான பிரிவு, மூல நிலைக்குத் தனிக் கோப்பை, நேரச் சீரோட்டம், கட்டாயப் பாதுகாப்புச் சோதனை. சத்ரியா ஜிடிஐ முப்பதைத் தொடும் 2028க்குள் இந்த விதிகள் நடைமுறைக்கு வந்தாக வேண்டும்.